பொற்பனங்காய் கிடைத்த ஊரில் மூன்று நாள்

"கூட்டம் இல்லாத, இன்னும் கிராமமாகவே இருக்கிற மாவட்டம் ஒன்று சொல்லுங்கள். பழைய கல்லும் வேண்டும், ஊர்ப் பெருசுகள் சொல்லும் கதையும் வேண்டும். மூன்று நாள் லீவு இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், புதுக்கோட்டைக்கு வாருங்கள். நான் ஆலங்குடிப் பக்கத்துக்காரன். பதிலில் கொஞ்சம் ஊர்ப்பற்று கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் மாவட்டத்தைப் பார்க்காதவர்கள் குறைவு, நின்று பார்த்தவர்கள்தான் குறைவு. திருச்சியிலிருந்து காரைக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் ஒரு டீ, ஆதனக்கோட்டை முந்திரி ஒரு பாக்கெட், அவ்வளவுதான். வடக்கே தஞ்சாவூரின் பெரிய கோயில், தெற்கே செட்டிநாட்டு வீடுகள், மேற்கே மதுரை. நடுவில் இருக்கிற பொட்டலை யார் எட்டிப் பார்ப்பார்கள்? 2011 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம் பேர். அதில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்துக்காரர்கள். மாவட்டமாக ஆனதே 1974 பொங்கலன்றுதான்.

ஆனால் 1948 மார்ச் வரைக்கும் இது தனி சமஸ்தானம். சுற்றிலும் வெள்ளைக்காரன் ஆண்ட தமிழகத்துக்குள் தொண்டைமான்கள் ஆண்ட ஒரு தீவு. அதனால் ஒரு லாபம் கிடைத்தது. தன் மண்ணில் என்ன கிடக்கிறது என்று சமஸ்தானம் தானே தேடிக்கொண்டது. 1910லேயே அருங்காட்சியகம் வைத்தார்கள். 1929ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து அச்சடித்தார்கள். இத்தனை சின்ன நிலப்பரப்புக்கு இத்தனை கல்வெட்டு என்றால், இங்கே பாறையும் அதிகம், பாறையில் எழுதி வைக்கும் ஆசையும் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

முதல் நாள் காலையில் பொற்பனைக்கோட்டைக்குப் போங்கள். டவுனிலிருந்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர்தான். 'கோட்டை' என்றதும் செஞ்சி மாதிரி எதையாவது மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். வட்டமாக ஒரு மண்மேடு, அதைச் சுற்றி அகழியின் பள்ளம், உள்ளே முந்திரியும் முள்ளும். மேட்டின் மேல் ஏறி நடந்தால் காலில் செங்கல் துண்டு இடறும். அதுதான் கோட்டைச் சுவரின் மிச்சம்.

ஏன் பொற்பனை? ஒரு வேடனுக்குக் காட்டில் தினமும் ஒரு பொற்பனங்காய் கிடைத்ததாம். அவனுக்கு அது தங்கம் என்று தெரியாது. ஏதோ நிறம் மாறிய பனங்காய் என்று நினைத்து ஒரு வணிகரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வேண்டிய அரிசி பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். வணிகர் வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்காக வாங்கி வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் விஷயம் ராஜா காது வரைக்கும் போய், அந்தத் தங்கத்தில் கோயில் எழுந்தது என்று திருவரங்குளம் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். வேடன் என்பார்கள், வேடன் பெண்டாட்டி என்பார்கள், ஊருக்கு ஊர் ஆள் மாறும். ஆனால் அரிசியைக் கொடுத்துத் தங்கத்தை வாங்கியவர் மாறவே மாட்டார். எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பத்தா அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடும். பக்தியில் விட்ட பெருமூச்சு இல்லை. மண்டிக்கடையில் நெல் போட்டுவிட்டு வந்த வீட்டுப் பெருமூச்சு.

இனி மண்ணுக்குள் கிடைத்ததைப் பார்ப்போம். மாநிலத் தொல்லியல் துறை 2023ல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. கோட்டைக்குள் எங்கே குழி போடுவது? ஊரார் தலைமுறை தலைமுறையாக 'அரண்மனைத் திடல்' என்று சொல்லிவந்த மேட்டில் போட்டார்கள். செங்கல் கட்டுமானம் வெளியே வந்தது. எலும்பில் செய்த கூர்முனைக் கருவி ஒன்று, சூதுபவள மணி ஒன்று, பிறகு ஒரு தங்க மூக்குத்தி. கால் கிராம் எடை தேறும் அவ்வளவுதான். செய்தி வந்த அன்றைக்கு டீக்கடையில் பேச்சு இதுதான்: "பொற்பனங்காய் கிடைக்கலை, பொட்டு மூக்குத்திதான் கிடைச்சிருக்கு. மிச்சம் செட்டியார் வீட்டுல இருக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தத் திடலுக்கு அரண்மனை என்று பெயர் வைத்த ஆளை நான் வெறும் கதைக்காரன் என்று ஒதுக்க மாட்டேன். இதே கோட்டைப் பகுதியில் தமிழி எழுத்து, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வெட்டிய நடுகல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் செத்த வீரனுக்கு வைத்தது. தமிழி எழுத்தோடு கிடைத்த நடுகற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இதுவும் ஒன்று.

தங்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1898ல் ஆலங்குடி வட்டத்தில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் குறுக்கே ஒரு உளி வெட்டு. இனிமேல் இது நாணயமாகச் செல்லாது, எடைக்கு எடை தங்கமாக மட்டும் செல்லும் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எப்படியானாலும், மிளகையோ மணியையோ துணியையோ கொடுத்துத் தங்கம் வாங்கிய காலம் ஒன்று இந்தக் காட்டுப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பொற்பனங்காய்க் கதை அந்த ஞாபகத்தின் மிச்சம் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மதியத்துக்கு மேல் வெயில் தாங்காது. திருக்கோகர்ணத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே அம்மன் காசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பயறு விதை அளவுக்குச் செம்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுப்பார்களாம். தொண்டைமான்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். அதே தெருவில்தான் பிரகதாம்பாள் கோயிலும். சதாசிவ பிரம்மேந்திரர் மௌனவிரதத்தில் இருந்தபோது தொண்டைமானுக்கு மணலில் மந்திரம் எழுதிக் காட்டினார், ராஜா அந்த மணலை அப்படியே துண்டில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூஜை செய்தார் என்பார்கள். கல்லில் எழுதினால் நிற்கும், மணலில் எழுதினால் நிற்காது என்று நாம் நினைக்கிறோம். இந்த ஊரில் மணலும் நின்றிருக்கிறது.

இரண்டாம் நாள் சித்தன்னவாசல். நீங்கள் கேள்விப்பட்ட பெயர் இது ஒன்றாகத்தான் இருக்கும். புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர். எல்லோரும் ஓவியத்தைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால், மலைக்கு வரும் வழியில் ரோட்டோரப் பொட்டலில் இறங்குங்கள். செம்புராங்கல் துண்டுகளை வட்டமாக நட்டுவைத்த மாதிரி தெரியும். சில இடங்களில் பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி போலச் செய்து மேலே ஒரு மூடுகல். பெருங்கற்காலத்து ஈமக்காடு இது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தையது. ஊர் வாயில் இதற்குப் பெயர் 'குரங்குப்பட்டறை'. குரங்குகள் பட்டறை போட்டு வேலை செய்த இடமாம். இன்னும் சில ஊர்களில் பாண்டவர் வனவாசத்தில் தங்கியது என்பார்கள். உள்ளே கிடைக்கும் தாழிக்கு வேறு கதை. அந்தக் காலத்தில் யாருக்கும் சாவே வராதாம். வயசாக ஆக ஆள் சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுவாராம். மாடத்தில் வைத்தால் விழுந்துவிடுகிறார் என்று, பானைக்குள் உட்காரவைத்துச் சோறும் தண்ணியும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். தாழிக்குள் எலும்போடு சின்னச் சின்னக் கலயங்களும் இருப்பதை ஏதோ ஒரு காலத்தில் மண் வெட்டப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்குத் தகுந்த கதையைக் கட்டியிருக்கிறார்கள். கதை தப்பாக இருக்கலாம், கவனிப்பு தப்பில்லை.

பிறகு மலை. ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் இறங்கினால் ஏழடிப்பட்டம். பாறைச் சரிவில் கால் வைக்க ஏழு குழி வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள், பயமில்லை. கம்பி இல்லாத நாளில் அந்த ஏழு குழியை நம்பி ஒருவர் போனார் என்றால், திரும்பி வரும் அவசரம் அவருக்கு இல்லை என்று அர்த்தம். குகைக்குள் 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் கல்லிலேயே தலையணை போல ஒரு மேடு. கையால் தடவிப் பாருங்கள், மற்ற இடம் சொரசொரப்பாக இருக்க, படுக்கை மட்டும் வழுவழுவென்று இருக்கும்.

இருப்பதிலேயே பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்து. கி.மு. 1ஆம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த 'அதிட்டானம்' (இருக்கை) என்று படிக்கிறார்கள். எருமிநாடு என்பதை மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் கன்னட நாட்டிலிருந்து ஒரு துறவி வந்து இந்தப் பாறையில் படுத்திருக்கிறார். பக்கத்துப் படுக்கைகளில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன் என்று போகும். ஹாஸ்டல் கட்டிலில் முன்னால் இருந்தவன் பெயர் கீறிவைத்த மாதிரிதான். ஆனால் இவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகவில்லை.

ஓவியம் இருப்பது கீழே, அறிவர் கோயில் என்ற குடைவரையில். முன்மண்டபத்துக் கூரையில் தாமரைக் குளம். பூ, மொட்டு, இலை, மீன், வாத்து, எருமை, யானை, நடுவில் பூப்பறிக்கும் மூன்று பேர். ரொம்ப நாள் இது மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்று பாடப்புத்தகம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே உள்ள கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இதைப் புதுப்பித்ததைப் பாட்டாகவே சொல்கிறது. நாம் பார்க்கும் ஓவியம் அந்தத் திருப்பணியைச் சேர்ந்தது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் கருத்து. ஓவியம் மங்கித்தான் இருக்கும், முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. கண் பழகும்வரை நில்லுங்கள். காவலாளியிடம் கேட்டுக்கொண்டு கருவறைக்குள் நின்று வாயை மூடி 'ம்ம்ம்' என்று ஒரு சுதியில் முனகிப் பாருங்கள். சுதி சரியாக அமைந்தால் சத்தம் உங்களிடமிருந்து வருகிறதா, பாறையிலிருந்து வருகிறதா என்று குழப்பம் வந்துவிடும்.

மத்தியான வெயிலைக் குடுமியான்மலையில் கழியுங்கள், நிழலான பெரிய கோயில். இங்கேதான் கதைக்கும் கல்லுக்கும் நேருக்கு நேர் வழக்கு. கதை இது: குருக்களுக்கு ஒரு தாசி மேல் பிரியம். சாமிக்கு வந்த மாலையை அவளுக்குச் சூட்டி அனுப்பிவிட்டார். திடீரென்று ராஜா வந்து நிற்கிறார். பதறிப்போய் அவள் தலையிலிருந்த மாலையைத் திரும்ப வாங்கி, ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டார். மாலையில் ஒரு நீள முடி. "இதென்னய்யா?" என்றார் ராஜா. "சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா" என்றார் குருக்கள். காட்டு என்றார். சிவன் என்ன செய்வார், பொய் சொன்னாலும் தன் ஆள். லிங்கத்தில் குடுமி வளர்ந்தது. சாமி சிகாநாதர் ஆனார். ஊர் குடுமியான்மலை ஆனது. பழைய கல்வெட்டுகளில் இந்த ஊருக்குப் பெயர் திருநலக்குன்றம். லிங்கத்தின் மேல் குடுமி மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறது என்று இன்றைக்கும் தீபம் காட்டிக் காட்டுவார்கள்.

இந்தக் கதையில் குருக்களுக்கு ஒரு வேஷம், ராஜாவுக்கு ஒரு வேஷம், சாமிக்கும் ஒன்று. தாசிக்குப் பெயரே இல்லை. இதே கோயிலில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் பெரும் பொன் கொடுத்துக் கோயில் நிலத்தை வாங்கி, அம்மனுக்குச் சன்னதி எழுப்பியதைச் சொல்கிறது. கோயிலுக்கே கடன் தீர்க்கும் அளவுக்குக் கையில் பொன் வைத்திருந்த பெண்மணி. நான் கதையைக் கேட்டது பத்து வயதில், கல்வெட்டைப் பற்றித் தெரிந்துகொண்டது நாற்பதில். அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரவில்லை.

கோயிலின் பின்னால், பாறையில் குடைந்த மேலைக்கோயிலுக்குப் பக்கத்தில்தான் இசைக் கல்வெட்டு. ஆளுயரத்துக்கும் மேலே, சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், கிரந்த எழுத்தில் சுரங்களை வெட்டியிருக்கிறார்கள். ராகங்கள் ஏழு, பகுதிகளும் ஏழு. சுரங்களை நான்கு நான்காகச் சேர்த்து வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். உருத்திராசாரியரின் மாணாக்கனான, சிவபக்தனான ஒரு ராஜா செய்தது என்று முடிகிறது, ராஜாவின் பெயர் இல்லை. கீழே தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." ஏழு நரம்புக்கும் எட்டு நரம்புக்கும் பொருந்தும் என்று வீணை வாசித்தவர் எழுதிய குறிப்பாகத்தான் படுகிறது. 'பரிவாதினி' என்று வீணையின் வகையையும் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். இதை மகேந்திரவர்மனுக்குக் கொடுத்துவிட ஆசைப்பட்டவர்கள் நிறைய. எங்கள் மாவட்டத்தில் யார் செய்தது என்று தெரியாத எதுவும் கொஞ்ச நாள் மகேந்திரவர்மன் கணக்கில்தான் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் முழுவதும் நார்த்தாமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மாவட்டத்தின் உச்சம் இதுதான். திருச்சி ரோட்டில் 17 கிலோமீட்டர். ஒன்பது குன்றுகள் படுத்துக்கிடக்கும். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது உதிர்ந்த துண்டுகள், அதனால்தான் இத்தனை மூலிகை என்பது ஒரு கதை. நாரதர் மலைதான் நார்த்தாமலை ஆனது என்பது இன்னொன்று. கல்வெட்டைப் பார்த்தால் நகரத்தார்மலை. வணிகக் குழுக்கள் நிர்வாகம் செய்த பெரிய சந்தை நகரம், அதற்குத் தெலுங்ககுலகாலபுரம் என்றும் பெயர். இன்றைக்கு அந்த நகரத்தின் இடத்தில் ஆடு மேய்கிறது. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் மட்டும் சந்தை நகரத்தின் கூட்டம் திரும்பி வந்துவிடும்.

குன்றுகளின் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள்: மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையர்மலை, உவச்சன்மலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை, ஆளுருட்டிமலை. கடைசிப் பெயருக்குத்தான் நின்று கதை கேட்க வேண்டும். குற்றவாளிகளை மேலே ஏற்றி உருட்டிவிடும் மலையாம். மேலே ஏறிப் பார்த்தால் சமணத் துறவிகளின் படுக்கைகளும் பாறையில் வெட்டிய தீர்த்தங்கரர் உருவமும் இருக்கின்றன. ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவர்கள் குடியிருந்த மலைக்கு ஆளை உருட்டிய பெயர் எப்படி வந்தது? உருட்டியவர்கள் யார், உருண்டவர்கள் யார்? எந்தக் கல்வெட்டிலும் இதற்குப் பதில் இல்லை. கல்வெட்டு வெட்டக் கூலி கொடுத்தவன் தான் கொடுத்ததைத்தான் எழுதுவான்: விளக்கெரிக்க ஆடு, நெல், பொன். ஏமாந்த வேடனும் உருண்ட ஆளும் வாய்க்கதையில்தான் இடம் பிடிக்கிறார்கள்.

மேலமலைக்கு ஏறும் பாதை சுலபம், குழந்தைகளும் ஏறலாம். வழியில் ஒரு சுனை. அதன் தண்ணீருக்கு அடியில் ஒரு குடைவரையும் அதற்குள் ஒரு லிங்கமும் இருக்கின்றன. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். அதைத் தாண்டி மேலே போனால் விரிந்த பாறை மேல், மேற்கைப் பார்த்தபடி விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பொம்மைக் கோயில் போலத் தெரியும், ஆனால் தஞ்சாவூருக்கு நூற்றைம்பது வருஷம் மூத்தது. பெயரில் சோழன் இருந்தாலும், துவாரபாலகர் பீடத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் வேறு கதை எழுதியிருக்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். இவர்கள் முத்தரையர்கள். சோழன் தஞ்சாவூரைப் பிடிக்கும் முன்னால் இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள். பெயர்ப்பலகையில் ஒருவர், கட்டியவர் இன்னொருவர் என்பது அப்போதே உண்டு. மாலை நாலரை மணிக்கு மேல் அங்கே இருங்கள். வெயில் சாய்ந்து நேராகக் கருவறைக்குள் போகும்.

எதிரிலேயே பாறைச் சுவரில் இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலி ஈச்சரம், சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைந்தது. பெரியதற்குப் பெயர் 'சமணர் குடகு'. உள்ளே போனால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பன்னிரண்டு பெருமாள்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுயரத்தில். சமணர் ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் சமணர் குகையாக இருந்து பிறகு விஷ்ணு கோயிலாக மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் சிலையை மாற்றினார்கள், கல்வெட்டு வைத்தார்கள், மண்டபம் எடுத்தார்கள். ஊர்க்காரன் வாயை மட்டும் மாற்ற முடியவில்லை. எழுநூறு எண்ணூறு வருஷமாக ஆடு மேய்க்கிறவர் "சமணர் குடகுப் பக்கம் ஓட்டிட்டுப் போ" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதே மாதிரி மாவட்டத்தின் சில வயற்காட்டுத் தீர்த்தங்கரர்களுக்கு 'மொட்டைப் பிள்ளையார்' என்று பெயர். தும்பிக்கை இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. எண்ணெய் சாத்தி, பூ வைத்து, கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நேரமிருந்தால் விராலிமலைப் பக்கம் கொடும்பாளூர். மதுரைக்குப் போன கோவலனுக்கு மூன்று வழி பிரியும் இடமாகச் சொல்லப்பட்ட ஊர். இன்றைக்கும் திருச்சி மதுரை நாற்கரச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது, இரண்டாயிரம் வருஷமாக ரோடு மாறவில்லை. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் தனக்கொன்று, இரண்டு ராணிகளுக்கு ஒவ்வொன்று என்று மூன்று தளி எடுத்தான். மூவர் கோயில் என்று பெயர், இப்போது நிற்பது இரண்டு. மூன்றாவதின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான இடங்கழியார் இந்த ஊர் அரசர். அடியாருக்குச் சோறு போடுவதற்காக ஒருவன் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் திருடிப் பிடிபட்டான். காரணம் கேட்ட அரசர் அவனை விட்டதோடு நிற்காமல், களஞ்சியத்தையே திறந்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஊர்க் கதைகளைக் கவனித்தால் தெரியும்: பொய் சொன்ன குருக்கள், நெல் திருடியவன், அரிசிக்குத் தங்கம் வாங்கியவர். யோக்கியர்கள் எல்லாம் கல்வெட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

திருமயம் கோட்டையை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட மாட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1687ல் கிழவன் சேதுபதி கட்டியது. ஊமைத்துரை பெயரால் 'ஊமையன் கோட்டை' என்கிறார்கள். கீழே ஒரே பாறையில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு கோயிலுக்கும் நடந்த பங்குச் சண்டையை 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி ஒருவர் உட்கார்ந்து தீர்த்துவைத்ததையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆவுடையார்கோயிலுக்குக் கொடுங்கை, அதாவது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பு, பார்க்கப் போகலாம். கல்லை மரச்சட்டம் போலவும் கயிறு போலவும் இழைத்திருப்பார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்களாம், அதைப்போலச் செய் என்று கேட்டுவிடக் கூடாதே. மாணிக்கவாசகர் குதிரை வாங்க வந்து, வாங்காமல் கோயில் கட்டிய இடம். அதற்காக நரியெல்லாம் பரியான கதை உங்களுக்கே தெரியும்.

குதிரை என்றால் எங்களுக்கு அய்யனார்தான். ஊருக்குத் திரும்பும் முன், கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வில்லுன்னி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். முன்னால் தாவிப் பாயும் நிலையில் முப்பதடிக்கு மேல் உயரமான குதிரை. மாசிமகத்தன்று வந்தால் குதிரை தெரியாது, காகிதப்பூ மாலைகள்தான் தெரியும். லாரி லாரியாக வந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு மூடிவிடுவார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன ஊர்களின் அய்யனார் காடுகள். புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை வைக்கும் திருவிழா என்று முடிவானால், ஊர்ப் பெரியவர்கள் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்ப் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி ஊர் மண், வெற்றிலை பாக்கு, முன்பணம். அந்த ஒரு பிடியைத் தன் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்தால்தான் குதிரை அந்த ஊர்க் குதிரை. கால்கள் முதலில், பிறகு வயிறு, கழுத்து, தலை எனத் தனித்தனியாக வனைந்து ஒட்டுவார். உள்ளே கூடு, வைக்கோல் கலந்த மண், சூளையில் வெந்ததும் செங்காவி நிறம். கண் மட்டும் கடைசியில், திருவிழா அன்றைக்குத்தான் திறப்பார். அதுவரை அது மண், அதற்கப்புறம் அதன்மேல் கை வைக்க அவருக்கும் உரிமையில்லை. தோளில் சுமந்து கொண்டுபோய்க் காட்டில் நிறுத்துவார்கள்.

நிறுத்திய பிறகு யாரும் அதைப் பராமரிப்பதில்லை. மழை பெய்யும், காது உடையும், கழுத்து விழும். அடுத்த தடவை புதுக் குதிரைகள் முன்வரிசையில் வந்து நிற்கும், பழையவை பின்னால் மண்ணோடு மண்ணாகும். எங்கள் ஊருக்குப் பக்கத்து அய்யனார் காட்டில் நடந்தால் காலடி முழுக்க ஓடு. ஒரு தடவை குனிந்து ஒரு சில்லை எடுத்துத் துடைத்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, ஓரம் மெல்லிசு, வழவழப்பு. அப்படி இருந்தால் அது குதிரை ஓடு இல்லை, தாழிக் காலத்துக் கலயம். அடுத்த சில்லு முழுக்கச் சிவப்பு, தடிப்பு, உள்ளே வைக்கோல் எரிந்த தடம். அது போன தலைமுறைப் புரவி. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த பூசாரித் தாத்தாவிடம் காட்டி வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் இரண்டையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம வேளார் வீட்டுல செஞ்சதுதானப்பா" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.